ஐந்து கட்டைக் குரல்கள்: தமிழ் இசை நாடகமும் அதன் பாடக நடிகர்களும்

தமிழ் நாடகக்காரர்களைப் பற்றி வழங்கிவரும் துணுக்குகளைத் திரட்டினால் தனிப் புத்தகமே தேறும். ஒரே இரவில் முழு நாடகத்தை எழுதி முடித்த வாத்தியார், மயில் வாகனத்தில் பாடிக்கொண்டே உயிரை விட்ட முருகன், ஒரு படத்துக்கு லட்ச ரூபாய் வாங்கிய பெண், நடிகையின் பேரால் ஓடிய ரயில், மூன்று தீபாவளி கண்ட படம். தீபாவளி மலர்கள் இவற்றைத் திரும்பத் திரும்ப அச்சிட்டு வந்திருக்கின்றன. ஆராய்ச்சியாளர்களோ பெரும்பாலும் இவற்றை ஓரங்கட்டிவிட்டு ஆவணங்களைத் தேடிப் போய்விடுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஒரு தொழிலைப் பற்றி எந்த வகைக் கதை அதிகம் உலவுகிறது என்பதும் அந்தத் தொழிலைப் பற்றிய செய்திதான். கதை முழுக்க மெய்யா என்று கேட்பது ஒருபுறம் இருக்கட்டும். அதை ஊர் ஏன் நம்பியது என்று கேட்டால் விஷயம் பிடிபடும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1940கள் வரை, தமிழ்நாட்டில் சாதாரண ஜனங்களின் பாட்டு என்றால் அது பெரும்பாலும் நாடகப் பாட்டாகத்தான் இருந்தது. பாடகர் என்றால் வேஷம் கட்டுகிறவர். கச்சேரி வித்வான்களின் பேர் தெரியாத ஊர்களில்கூட, கதாநாயக வேஷம் கட்டும் ராஜபார்ட்டுகளின் பேர் தெரியும். இந்த ஆட்சி எப்படி அமைந்தது, எதனால் குலைந்தது? பக்தி, தேசியம், சினிமா என்று பலரும் பல காரணங்கள் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் ஓரளவு சரி. ஆனால் ஒலிபெருக்கி இல்லாத தகரக் கொட்டகையில் கடைசி வரிசை வரை கேட்கும் குரல் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்கிற மிகச் சாதாரணமான கணக்கை அவர்கள் போதிய அளவு போடவில்லை என்பது என் எண்ணம்.

முதலில் ரயில் கதை. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் என்பவர் முழுக்கப் பெண்களை வைத்தே ஒரு நாடகக் கம்பெனி நடத்தினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு தொடங்கும் காலம் அது. ‘தாரா சசாங்கம்’ அவர்களுடைய பேர்போன நாடகம். அதைப் பார்ப்பதற்காக அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கென்றே தென்னிந்திய ரயில்வே ராத்திரி வண்டி விட்டதாகவும், அதற்கு ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்று பேர் விழுந்ததாகவும் நாடக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். வண்டி பாலாமணிக்காகவே விடப்பட்டதா, ஏற்கெனவே ஓடிய வண்டிக்கு ஜனங்கள் வைத்த செல்லப் பேரா என்பது பெரிய விஷயமில்லை. ரயில் வந்த பிறகு ஒரு நாடகத்துக்கு அதன் ஊருக்கு வெளியேயும் ரசிகர்கள் உண்டு என்பதுதான் விஷயம். கோயில் திருவிழாவுக்கு ஊர்கூடிப் பார்த்த கூத்து, டிக்கெட் வாங்கிப் பார்க்கும் டிராமாவானது இந்தக் காலத்தில்தான். அதே பாலாமணி கடைசிக் காலத்தில் வறுமையில் செத்தார் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். நாடகத் துணுக்குகளில் பாதி இப்படித்தான் முடியும்.

டிக்கெட் நாடகத்தின் உடம்பு வடக்கேயிருந்து வந்தது. பார்சிக் கம்பெனிகளும் மராத்திக் கம்பெனிகளும் தெற்கே வந்தபோது எழுதிய திரைச்சீலைகளும் ஜிகினா உடைகளும் கூடவே ஆர்மோனியப் பெட்டியும் வந்தன. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் பாட்டின் தலைப்பில் ராகத்தின் பேருக்குப் பதில் ‘பார்சி மெட்டு’, ‘இந்துஸ்தானி மெட்டு’ என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். மெட்டு எங்கிருந்து வந்தது என்பதை ஒளிக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. ஆர்மோனியத்தை மட்டும் கடைசி வரை சங்கீத உலகம் ஏற்கவில்லை. கமகம் பிடிக்காத அந்நிய வாத்தியம் என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940இல் அதை விலக்கியே வைத்தது. அந்த விலக்கு முப்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது. நாடகக்காரர்களுக்கு அதைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. மேடைக்கு முன்னால் உட்கார்ந்து பெட்டியும் வாசித்துப் பின்பாட்டும் பாடிய ஆர்மோனியக்காரர்தான் நாடகத்தின் பாதி உயிர்.

இதே காலத்தில் சென்னையில் வேறொரு பாதை திறந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை, படித்த கனவான்களின் பொழுதுபோக்கு மன்றம். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டினார்கள். அங்கே வசனத்துக்கு மதிப்பு கூடியது, பாட்டு குறைந்தது, நாடகம் மணிக்கணக்குக்குள் அடங்கியது. நம்முடைய இலக்கிய வரலாறுகளில் நவீன நாடகத்தின் தொடக்கம் என்று பம்மலைத்தான் காட்டுவார்கள், அது நியாயமும்கூட. ஆனால் சனங்களின் காதுக்குள் போனது அவருடைய பாதையல்ல. மதுரைப் பக்கத்தில் ஒரு வாத்தியார் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருந்தார்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடியில் பிறந்தவர். உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்து, இருபத்தைந்து வயது வாக்கில் நாடகத்துக்கு வந்தார். முதலில் நடிகர். எமன், சனி, இரணியன் போன்ற பயங்கர வேஷங்கள் அவருக்கு. சனீசுவரன் வேஷத்தோடு விடியற்காலையில் அவரைப் பார்த்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்துவிட்டது என்றும், அதனால் மனம் வெறுத்து நடிப்பையே விட்டு எழுத்துக்கும் வாத்தியார் வேலைக்கும் வந்துவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. நடிகனின் வல்லமையைச் சொல்வதற்கு இப்படிக் கதை கட்டுவது பல ஊர்களிலும் உள்ள வழக்கம் என்பதால் இதை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

ஒரே இரவில் நாடகம் எழுதிய கதை வேறு ரகம். அதைச் சொன்னவர் நேரில் பார்த்தவர். 1918இல் மதுரையில் சுவாமிகள் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’யைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த சிறுவர்களில் தி.க.சண்முகமும் ஒருவர், அப்போது வயது ஆறு. அந்தச் சிறுவனைக் கதாநாயகனாக வைத்து, நாலு மணி நேரம் நடக்கக்கூடிய ‘அபிமன்யு சுந்தரி’யைப் பாட்டும் வசனமுமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே ராத்திரியில் சுவாமிகள் எழுதி முடித்தார் என்று சண்முகம் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். குருபக்தி கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனாலும் நடக்கக் கூடியதுதான். சுவாமிகள் நாடகம் எப்படிக் கட்டப்பட்டது என்று பார்த்தால் இது விளங்கும். கதை எல்லாருக்கும் தெரிந்த பாரதக் கதை. பாத்திரம் மேடைக்கு வரும்போது ஒரு பாட்டு, எதிர்ப்படும்போது ஒரு தர்க்கம், துயரத்துக்கு ஒரு விருத்தம், நடுவில் வெண்பாவும் கீர்த்தனையும். யாப்பு விரல் நுனியில் இருக்கிறவருக்கு, பழந்தமிழ்ப் பாட்டும் நீதிநூலும் மனப்பாடமாக இருக்கிறவருக்கு, இந்தச் சட்டகத்தை நிரப்ப ஒரு இரவு போதும். இதைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. தொழில் தெரிந்தவர் வேகமாகச் செய்கிறார், அவ்வளவுதான். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’, ‘சத்தியவான் சாவித்திரி’ என்று அவர் கட்டிய சட்டகங்கள் அவர் 1922இல் புதுச்சேரியில் இறந்து நூறாண்டு கடந்தும் மேடையில் நிற்கின்றன. பம்மலின் நாடகங்களைப் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். சுவாமிகளின் நாடகங்களை இன்னும் ஆடுகிறார்கள்.

சிறுவர்களை மட்டும் வைத்து நாடகம் நடத்தும் ‘பாய்ஸ் கம்பெனி’ ஏன் அவ்வளவு பெருகியது? பெரிய நடிகர்கள் குடிக்கிறார்கள், சொன்ன பேச்சு கேட்பதில்லை, முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள் என்பதால் வாத்தியார்கள் சிறுவர்கள் பக்கம் திரும்பினார்கள் என்பது வழக்கமான விளக்கம். உண்மைதான். கூலியும் குறைவு, அதுவும் உண்மை. இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: பத்து வயதுப் பையனுக்கு இயற்கையாகவே எட்டும் சுருதி, வளர்ந்த ஆணுக்கு உழைத்தாலும் எட்டாது. ஆண் வேஷமும் பெண் வேஷமும் ஒரே பெட்டியின் ஒரே கட்டையில் பாடலாம்.

ஆனால் இந்த முதலுக்குக் கெடு தேதி உண்டு. பதினாலு பதினஞ்சு வயதில் தொண்டை உடையும். கம்பெனி பாஷையில் அதற்கு மகரக்கட்டு என்று பேர். நேற்று வரை கம்பெனியின் ராஜபார்ட்டாக இருந்த பையன் மகரக்கட்டு வந்ததும் சேவகன் வேஷத்துக்குத் தள்ளப்படுவான், பலர் வெளியேறிவிடுவார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் நட்சத்திரமாக இருந்த பி.யு.சின்னப்பா குரல் உடைந்து வெளியே வந்து, சிலம்பமும் தேகப்பயிற்சியுமாகக் காலம் தள்ளி, பிறகுதான் சினிமாவில் மீண்டு எழுந்தார். 1940இல் ‘உத்தம புத்திர’னில் அவர் இரட்டை வேஷத்தில் வாள் சுழற்றியபோது அந்தப் பயிற்சி வீண்போகவில்லை என்று தெரிந்தது. இதே கம்பெனியில் எம்.ஜி.ஆர். இருந்தார். சிவாஜி கணேசன், எம்.ஆர்.ராதா, எம்.என்.நம்பியார் என்று பின்னாளில் தமிழ்த் திரையை நிரப்பியவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு பாய்ஸ் கம்பெனியின் பந்தியில் சாப்பிட்டவர்கள்தான். இவர்களில் சொந்தக் குரலில் பாடி நின்றவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். மகரக்கட்டு எவ்வளவு பேரை வடிகட்டியது என்பது புரியும்.

இப்போது கட்டைக் கணக்குக்கு வரலாம். ஆர்மோனியத்தில் முதல் ஸ்வரமான ஷட்ஜத்தை எந்தக் கட்டையில் வைத்துக்கொள்கிறோமோ அதுவே பாடகரின் சுருதி. முதல் வெள்ளைக் கட்டை என்றால் ஒன்று, ஐந்தாவது வெள்ளை என்றால் ஐந்து, அதை ஒட்டிய கறுப்பு என்றால் ஐந்தரை. கச்சேரி செய்யும் ஆண்கள் பொதுவாக ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருப்பார்கள். பெண்கள் நாலரை, ஐந்து, ஐந்தரை. நாடக ராஜபார்ட்டோ பெண்களின் கட்டையில் நின்றுகொண்டு, அதற்கு மேல் தாரஸ்தாயிக்கும் போய் நின்று காட்ட வேண்டும். வீம்புக்காகச் செய்ததல்ல இது. கூட்டத்தின் சலசலப்பு, பீடிப் புகை இருமல், பிள்ளை அழுகை எல்லாம் சேர்ந்த இரைச்சல் தணிந்த குரலை விழுங்கிவிடும்; உச்சத்தில் பாடும் குரல் அந்த இரைச்சலின் தலைக்கு மேலே தப்பிப் போய்விடும். தரை டிக்கெட்காரன் ‘ஒன்ஸ்மோர்’ கேட்க வேண்டுமானால் பாட்டு முதலில் அவன் காதுக்குப் போக வேண்டும். இன்னொரு காரணம் ஜோடிப் பாட்டு. வேலனும் வள்ளியும் மாறி மாறிப் பாடும்போது ஆர்மோனியக்காரர் அடிக்கொரு தரம் சுருதி மாற்றிக்கொண்டிருக்க முடியாது. இரண்டு பேரும் ஒரே கட்டையில் நிற்க வேண்டும். பெண் இறங்கினால் குரல் அமுங்கிவிடும். ஆகவே ஆண்தான் ஏற வேண்டும்.

செங்கோட்டைக் கிட்டப்பாவின் இடம் எது என்பதை இந்தக் கணக்கை வைத்துப் பார்க்க வேண்டும். 1906இல் பிறந்தவர், பிள்ளைப் பருவத்திலேயே மேடையேறியவர், காட்சி ஜோடனைக்குப் பேர்போன கண்ணையா கம்பெனியில் புகழடைந்தவர். அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம். மகரக்கட்டைத் தாண்டிய பிறகும் சிறுவர்களின் உயரத்திலேயே நின்ற குரல் அவருடையது. அப்படிப்பட்ட குரலுக்கு ஈடு கொடுக்கும் பெண் குரல் கிடைப்பது அரிது. கொடுமுடியைச் சேர்ந்த கே.பி.சுந்தராம்பாள், சிறுமியாக ரயிலில் பாடிக் காசு சேர்த்தவர், இலங்கை மேடைகளில் பேர் வாங்கியிருந்தார். கொழும்பில் இருவரும் சேர்ந்து நடித்தபோது நாடகத்தைவிடப் போட்டியைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது. 1927இல் மணம். கிட்டப்பாவுக்கு அதற்கு முன்பே ஒரு மனைவி உண்டு. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார், வயது இருபத்தேழு. சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைக்கு மாறினார், ஆண்களுடன் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார்.

இந்தக் காதல் கதையைத் தமிழ்ப் பத்திரிகைகள் எழுதிச் சலிக்கவில்லை. நான் அதில் அதிகம் நிற்கப் போவதில்லை. காதலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இசைத்தட்டு. கிட்டப்பா பேசும் படம் எதிலும் நடிக்கவில்லை. நமக்குக் கிடைப்பதெல்லாம் எழுபத்தெட்டு சுழற்சித் தட்டுகள்தான். ஒரு பக்கம் மூன்று நிமிஷம் சொச்சம். தியாகராஜரின் ‘எவரனி’ கீர்த்தனையை அவர் பாடிய தட்டைக் கேட்டுப் பாருங்கள். மேடையில் ஒரு விருத்தத்தை அரைமணி நேரம் விரித்தவர், இங்கே பல்லவியை எடுத்த வேகத்திலேயே சிகரத்துக்குப் போய்விடுகிறார். நிதானிக்க நேரமில்லை, தட்டு முடிந்துவிடும். நாடகப் பாட்டின் நிதானம் தட்டில் இல்லை, அதன் உச்சம் மட்டும் இருக்கிறது. தட்டை மட்டுமே கேட்டு வளர்ந்த அடுத்த தலைமுறை, உச்சம்தான் நாடகப் பாட்டு என்று நினைத்துக்கொண்டது. கிட்டப்பா பாணி என்று பிறகு பலர் பாடியது பெரும்பாலும் கிட்டப்பாவின் தட்டுப் பாணி என்பது என் கணிப்பு.

தட்டுக் கம்பெனிகள் தனிப்பாட்டோடு நிற்கவில்லை. முழு நாடகத்தையும் வசனத்தோடு பல தட்டுகளில் பதிந்து ‘டிராமா செட்’ என்று விற்றன. டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் நல்லதங்காள் புலம்பினாள். தட்டுக்குப் பாடிய நடிகருக்கு ஊர் ஊராக நாடக அழைப்பு கூடியது. மேடை தட்டை வளர்த்தது, தட்டு மேடையை வளர்த்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் இந்த உறவு இரண்டு பேருக்கும் லாபமாகவே ஓடியது.

இந்த இடத்தில் விசுவநாத தாஸைச் சொல்லாமல் போக முடியாது. நாடகப் பாட்டு அரசியலானது எப்படி என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் இல்லை. 1886இல் சிவகாசியில், மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். அவரோடு ஜோடி சேர மேல்சாதி நடிகைகள் மறுத்தார்கள் என்பது நாடக உலகின் இருண்ட பக்கம். ‘வள்ளி திருமண’த்தில் வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சி ஒன்று வரும். அந்தக் காட்சியில் தாஸ் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடுவார். கேட்கிறவர்களுக்குத் தெரியும், எந்த வெள்ளைக் கொக்கு என்று. 1876ஆம் வருஷத்து நாடகச் சட்டப்படி அரசுக்கு விரோதமான நாடகத்தைத் தடுக்க முடிந்தது. ஆனால் முருகப்பெருமான் கல்யாணத்தை எப்படித் தடுப்பது? எழுதிக் கொடுத்த பிரதியில் அந்தப் பாட்டு இருக்காது. போலீஸ்காரர் கொட்டகையிலேயே காத்திருந்து, நாடகம் முடிந்ததும் வேஷத்தோடு பிடித்துக்கொண்டு போவார். இருபத்தொன்பது தடவை சிறை சென்றார் என்பார்கள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகனாக மயில் வாகனத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. துணுக்குகளில் இது மட்டும் துளி மிகையும் தேவைப்படாதது.

சங்கரதாஸ் சுவாமிகள் தர்க்கத்துக்காக விட்டுவைத்த இடைவெளியில்தான் தேசியம் புகுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றவர்கள் எழுதிய தேசியப் பாட்டுகளை எந்த நாடகத்திலும் எந்தப் பாத்திரமும் பாடலாம். கோவலன் ராட்டினத்தைப் பற்றிப் பாடினால் யாரும் காலக் கணக்குக் கேட்பதில்லை. 1931இல் ‘காளிதாஸ்’ வந்தபோது, கதாநாயகன் தெலுங்கில் பேச, கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, இடையில் காந்தியையும் ராட்டினத்தையும் பற்றிய பாட்டுகள் வந்தன. இன்று அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். மேடையில் பழகிய ராஜலட்சுமிக்கும், கொட்டகையில் பழகிய ரசிகனுக்கும் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒரு ராத்திரிக்கு மட்டும் கூடி ஆடும் ஸ்பெஷல் நாடகத்தை அப்படியே படம் பிடித்தால் அப்படித்தான் இருக்கும்.

பேசும் படம் நாடகத்தைக் கொன்றது என்பது பொதுக் கருத்து. முதல் பத்து வருஷத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. நாடகம்தான் சினிமாவை விழுங்கியது. 1934இல் வந்த ‘பவளக்கொடி’ மேடையில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் எஸ்.டி.சுப்புலட்சுமியும் ஆடிய அதே நாடகம், கே.சுப்பிரமணியத்துக்கு அது முதல் படம், பாட்டுகள் ஐம்பது. பாகவதர் திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி.நடேச ஐயரால் மேடைக்கு வந்தவர். அரிச்சந்திரனின் மகன் லோகிதாசனாகத் தொடங்கி ராஜபார்ட்டானவர். 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே தியேட்டரில் வெளியான அவருடைய ‘ஹரிதாஸ்’ 1946 தீபாவளியையும் அங்கேயே கண்டது. படம் வெளியான சில வாரங்களில் அவர் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். கதாநாயகன் சிறையில் இருக்க, அவர் குரல் மட்டும் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு ஒன்பது வருஷம் முன்பே சுந்தராம்பாளுக்கு லட்ச ரூபாய் கிடைத்துவிட்டது. ‘பக்த நந்தனார்’ 1935. ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்றவரை ஆண் வேஷத்திலேயே நடிக்க வைத்தார்கள், அவரே நந்தன். வேதியராக வந்தவர் கச்சேரி மேடையின் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். நாடகத்தில் பெண் ராஜபார்ட் கட்டுவது பாலாமணி காலத்திலிருந்தே சகஜம் என்பதால் கொட்டகை ரசிகர்களுக்கு அதில் அதிர்ச்சி இல்லை. லட்ச ரூபாய் ஒரு நடிகைக்குக் கொடுத்த சம்பளம் என்று எழுதுகிறார்கள். கிட்டப்பா போன பிறகு அந்த உயரத்தில் மிஞ்சியிருந்த ஒரே குரலுக்குக் கொடுத்த விலை என்று நான் சொல்வேன். படம் பெரிதாக ஓடவில்லை. 1951இல் அவர் சென்னை சட்ட மேலவைக்குப் போனார். திரைத்துறையிலிருந்து இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் ஆள் என்று அவரைச் சொல்வார்கள். தேர்தல் கூட்டங்களில் அவர் பேச வேண்டியதே இல்லை, பாடினால் போதும்.

உண்மையான அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. 1938இல் மெய்யப்பச் செட்டியார் எடுத்த ‘நந்தகுமா’ரில், நடிகை ஒருவருக்காக லலிதா வெங்கட்ராமன் என்ற வேறு பெண் பாடினார். தமிழில் பின்னணிப் பாட்டின் தொடக்கம் இது. அதே படத்தில் சிறுவன் கிருஷ்ணனாக அறிமுகமானவர் டி.ஆர்.மகாலிங்கம், கிட்டப்பாவின் உயரத்தில் பாடிய மேடைப் பையன். முன்னது பாடக நடிகரின் முடிவு, பின்னது கடைசிப் பாடக நடிகரின் வருகை. இரண்டும் ஒரே படத்தில். 1945இல் ‘ஸ்ரீவள்ளி’. மகாலிங்கம் வேலன்; வள்ளியாகக் குமாரி ருக்மணி. மகாலிங்கத்தின் குரலுக்கு ருக்மணியின் குரல் ஈடுகொடுக்கவில்லை என்று கருதி, அவருடைய பாட்டுகளைப் பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்து மாற்றினார்கள். ஒரே கட்டையில் நிற்கக் கூடிய ஜோடியைத் தேடி ஊர் ஊராக அலைந்த தொழிலுக்கு இனி அந்தத் தேடலே வேண்டாம். முகம் ஓரிடத்தில் எடுக்கலாம், குரல் ஓரிடத்தில் எடுக்கலாம். மைக் முன் மெதுவாகப் பாடினாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். அரிதாக இருந்தது அரிதாக இல்லாமல் போனது. ஐம்பதுகளில் வசனம் தலையெடுத்ததைத் திராவிட இயக்கத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது போதாது. பாட வேண்டிய கட்டாயத்திலிருந்து நடிகர்கள் விடுதலையானதும் அதற்கொரு காரணம். பாய்ஸ் கம்பெனி வடிகட்டித் தள்ளிய குரல்கள்தான் அந்த வசனங்களைப் பேசின.

பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. நூறு பேருக்குச் சோறு போட்டு, சீன் சாமான்களை வேகன் வைத்து ஏற்றிச் செல்லும் தொழில், இரண்டு டப்பாப் படச்சுருளோடு போட்டி போட முடியாது. சில பாடகர்கள் மட்டும் திரையில் பாட்டி, பாகவதர், துறவி வேஷங்களில் ஒதுங்கினார்கள். 1965இல் ‘திருவிளையாட’லில் ஔவையாகச் சுந்தராம்பாளும், பாணபத்திரராக மகாலிங்கமும் வருகிறார்கள். அந்தப் படத்தில் தம் குரலில் பாடி நடித்த பாத்திரங்கள் அவை.

ஆனால் நாடகம் சாகவில்லை என்று முதலில் கோடிகாட்டினேன். இறந்தது கம்பெனி, பிழைத்தது ஸ்பெஷல் நாடகம். கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது, ஒத்திகை கிடையாது. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி என்று ஊர்தோறும் நடிகர் சங்கம். திருவிழா நடத்துகிறவர்கள் ராஜபார்ட்டை ஓரிடத்திலும் ஸ்திரீபார்ட்டை இன்னோரிடத்திலும் பேசி முன்பணம் கொடுப்பார்கள். அன்று ராத்திரி மேடையில்தான் இரண்டு பேரும் சந்திப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆர்மோனியம் தொடங்கும். பபூன் வந்து அரைமணி நேரம் சிரிக்க வைப்பார், பபூனும் டான்ஸும் சேர்ந்து ஒரு ஆட்டம், அதற்குப் பிறகே கதை. நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் தொடங்கிவிட்டால் நேரம் போவது தெரியாது. எதிராளி எங்கே இழுப்பார் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. சுவாமிகளின் பாட்டு மட்டும் பொது. அந்த ஒரு பிரதியை நம்பித்தான் முன்பின் அறியாத இருவர் விடிய விடிய மேடையில் நிற்கிறார்கள். தட்டிலும் திரையிலும் பதிய முடியாதது இந்தப் பகுதிதான்; அதனால்தான் அவை இதைப் பறித்துக்கொள்ளவும் முடியவில்லை.

யாழ்ப்பாணத்திலும் இப்படியொரு தொடர்ச்சி இருந்தது. தமிழகக் கம்பெனிகள் அங்கே போய் ஆடிய நாடகங்களை உள்ளூர்க்காரர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி.வி.வைரமுத்து ‘அரிச்சந்திர மயான காண்ட’த்தைத் திரும்பத் திரும்ப மேடையேற்றினார், சுடலையில் அவர் பாடுவதைக் கேட்கத் தெரிந்த கதைக்கே கூட்டம் வந்தது. பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுத் தமிழ் இசை நாடக வரலாறு எழுதுவது, சுந்தராம்பாளின் இளமைக் காலத்தை விட்டுவிட்டு அவர் வாழ்க்கையை எழுதுவதாகும்.

ஸ்பெஷல் நாடக மேடைகளில் இப்போது பந்தல் முழுக்க ஒலிபெருக்கி உண்டு. கடைசி வரிசையைத் தாண்டி அடுத்த ஊருக்கே கேட்கும். உரக்கப் பாட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் ராஜபார்ட்டுகள் சுருதியை இறக்கவில்லை. இறக்கிப் பாடினால் அது நாடகப் பாட்டு மாதிரியே இல்லை என்று கிராமத்து ரசிகர்கள் சொல்கிறார்கள். ஆர்மோனியக்காரர்களும் அதையே சொல்கிறார்கள்.